புதன்கிழமைச் சக்கரம்

நாச்சிமுத்துவின் காரிலிருந்து இடது முன்சக்கரம் தானாகக் கழன்று தன் பழைய வீட்டுக்குப் புறப்பட்டது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றாவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது. நேரத்தை இவ்வளவு கச்சிதமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுத்த மனிதர் எதைப் பார்த்தாலும் முதலில் அதில் இருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார். அதோடு, அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலையும் இல்லை.

காங்கேயத்தில் தாராபுரம் ரோட்டை ஒட்டிய சந்தொன்றில் அவர் வீடு. மனைவி தெய்வாத்தாள் போய் ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் சுற்றுவட்டத்து நாற்பது ஊர்களில் அவர் கால் படாத வாசல் கிடையாது. ஆனால் மீட்டர் பெட்டி வாசல் சுவரிலேயே இருந்ததால் எந்த வீட்டுக்குள்ளும் அவர் போனது கிடையாது. "கரண்டுக்காரர் வந்திருக்காருங்" என்று யாராவது உள்ளே குரல் கொடுப்பார்கள், நாயைப் பிடித்துக்கொள்வார்கள், அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடப்பார். சொம்பில் தண்ணீர் கொடுத்த வீடுகள் உண்டு, மோர் கொடுத்த வீடும் ஒன்றிரண்டு உண்டு, உள்ளே கூப்பிட்டு இலை போட்ட வீடு ஒன்றுகூட இல்லை. அப்போது அது அவருக்கு உறைக்கவில்லை, மதியம் வீடு திரும்பினால் தெய்வாத்தாள் தட்டு வைத்துக் காத்திருந்தாள். இப்போது அவரே வைத்து அவரே எடுத்துக் கழுவும் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் சாப்பிடும்போது மெல்லும் சத்தம் அவருக்கே கேட்கிறது.

பஸ்ஸில் ஏறினால் தெய்வாத்தாளுக்குத் தலை சுற்றும் என்பதற்காக யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு மாருதி எண்ணூறை அவர் அந்தக் காலத்தில் வாங்கியிருந்தார். அவள் போன பிறகு அது தகரக் கொட்டகைக்குள் நின்றது, நின்று நின்றே நாலு டயரும் பாதவெடிப்பு கண்டுவிட்டன. விற்றுத் தொலையுங்கள் என்றவர்களிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள், அதை மறுபடி ஓட்டினால் என்ன என்று தோன்றி டயர் கடைக்குப் போனார். பன்னிரண்டு இஞ்ச் டயரெல்லாம் இப்போது சொல்லிவைத்தால்தான் வரும் என்று கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டதும் கரூர் ரோட்டில் இருக்கும் யூசுப் பாயின் காயலான் கடைக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

யூசுப் பாய் பழைய கார்களைப் பிரித்து விற்பவர். உடைந்த காரின் சீட் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தில் எதையும் புதிதாக வாங்குகிறவனைக் கண்டால் பரிதாபப்படுவார்.

"பன்னெண்டு இஞ்சைத் தேடி எதுக்கு சார் அலையறீங்க? பதிமூணு போடுங்க. இதே கம்பெனியோட பெரிய வண்டிச் சக்கரம், அதே நாலு ஓட்டை, அதே அளவு, அப்படியே போய் உக்காரும். வண்டி ஒரு விரக்கடை ஒசந்து பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளையாட்டம் நிக்கும். டயர்ப் பட்டனைப் பாருங்க, தேயவே இல்ல, இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்."

அப்படியாக நாலு வெவ்வேறு கார்களிலிருந்து நாலு சக்கரங்கள் புது டயர் ஒன்றின் விலைக்கும் கீழே வந்து சேர்ந்தன: கறுப்பு டிஸ்க் இரண்டு, வெள்ளி வர்ணம் அடித்தது ஒன்று, நட்சத்திரம் போல் அஞ்சு கால் வைத்த அலாய் ஒன்று. பழைய நாலு சக்கரங்களையும் பாய் மாற்றாக எடுத்துக்கொண்டார்; அவற்றின் நட்டுகள் புதுசுக்குப் பொருந்தாது என்றதால் பதினாறு நட்டையும் நாச்சிமுத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். மூன்று சக்கரத்துக்குக் கடையில் புது நட்டு வாங்க வேண்டியிருந்தது. அலாய் சக்கரத்துக்கு மட்டும் அதன் சொந்த நட்டுகள் நாலும் ஒரு துணியில் முடிந்து அதிலேயே தொங்கின. "போன வாரந்தான் பிரிச்ச வண்டி, நட்டோடவே இருக்குது, இதையும் வெச்சுக்குங்க" என்று பாய் தாராளமாகச் சொன்னார், நாச்சிமுத்துவும் லாபம் என்று வாங்கிக்கொண்டார். தப்பு நடந்த இடம் இதுதான். அதைத் தப்பு என்று சொல்லத் தெரிந்த ஆள் அப்போது பக்கத்தில் இல்லை.

வண்டி ஓடியது. ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசி முனகியது, அதை அவர் சுத்தியலால் தட்டி மடக்கினார். சக்கரம் பெரிதானதால் மீட்டர் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டியது. இதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை, 'பத்துக்கு அரை கூட்டிக்கொள்ளவும்' என்று எழுதி டேஷ்போர்டில் ஒட்டினார். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அதைப் படிக்க ஒருவரும் இல்லை.

மூன்றாவது வாரம் அந்தப் புதன்கிழமை வந்தது. கொட்டகைக்குள் அலாய் சக்கரத்தின் நாலு நட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று இறங்கி ஒரே வரிசையில் தரையில் நின்றன, கார் எருமை மண்டி போடுவதுபோல் அந்த மூலையை மெதுவாகத் தாழ்த்திக்கொண்டது, தெய்வாத்தாள் உட்காரும் பக்கத்து முன்சக்கரம் வெளியே வந்து, வாசலில் ஒரு கணம் நின்று, இடப்பக்கம் திரும்பிப் போயிற்று. நாச்சிமுத்து நட்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டி, சைக்கிளை எடுத்துப் பின்னாலேயே போனார். ஓடிப்போகும் சாமான் தன்னுடையது என்றால் பின்னால் போகத்தானே வேண்டும்.

சக்கரம் அவசரப்படவில்லை. ரவுண்டானாவில் போக்குவரத்துக் காவலர் கை காட்டியதும் நின்றது, விட்டதும் நகர்ந்தது, டவுன் பஸ்ஸுக்கு வழி விட்டது, பெரியகாட்டுப் பிரிவில் டீக்கடையைத் தாண்டி வலப்பக்கம் ஒடிந்து, சோளக்காடுகளுக்கும் கிளுவை வேலிகளுக்கும் நடுவே உருண்டு, பதினோரு கிலோமீட்டர் தள்ளிச் செம்மங்காட்டுத் தோட்டம் என்ற வீட்டு வாசலில் போய், ஒரு வேப்பமரத்தடியில், எண்ணெய்க் கறை காய்ந்து கிடந்த ஒரு இடத்தில் சாய்ந்து படுத்தது. அந்த வீட்டின் பெரிய வெள்ளைக் கார் பதினைந்து வருஷம் புதன்கிழமைதோறும் சந்தைக்குப் போய்ச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி நின்ற இடம் அது.

நாச்சிமுத்து வாசலிலேயே நின்றார். அந்த வீட்டு மீட்டரின் எண்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. பதின்மூன்று பேர் கூட்டுக் குடும்பம், உள்ளே ஒரே சமயத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் பெரியவளான பாவாத்தாள், தொழுவத்தில் மாட்டுக்குத் தவிடு கலந்த கையோடு வந்து, சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"நம்ம வண்டிச் சக்கரமல்லோ இது! வித்த மாடு வந்து நிக்கறாப்பல வந்து நிக்குது பாரு. ஏனுங்ணா, நீங்க கரண்டுக் கணக்கு எடுக்க வர்றவருங்களே? எதுக்கு வாசல்ல நிக்கறீங்? உள்ள வாங்ணா, இலை போட்டாச்சு."

"இல்லீங் அம்மிணி, நான் சக்கரத்த எடுத்துட்டுப் போறனுங்."

"சக்கரம் எங்கீங்ணா போவுது? சாப்பாட்டு நேரத்துல வந்தவங்களச் சும்மா அனுப்பிப் பழக்கமில்லீங் இந்த ஊட்ல."

அவர் உள்ளே போனார். அறுபத்தோரு வயதில் மீட்டர் பெட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று முதன்முதலாகப் பார்த்தார். பந்தியில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்தார்கள், கொள்ளுப்பருப்பும் ரசமும் தயிரும் வந்தன, இடப்பக்கத்து ஆள் அவர் தோளில் இடித்துக்கொண்டே வெள்ளாமைக் கதை பேசினார். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் போலிருந்தும் கேட்கக் கூச்சப்பட்டு இலையை மடித்தார். பிறகு சக்கரத்தை சைக்கிள் கேரியரில் கட்டி, பொழுதோடு வீடு வந்து, காரில் மாட்டி, நட்டுகளை முறுக்கினார்.

அடுத்த புதன்கிழமையும் அது போயிற்று. அதற்கடுத்ததும்.

முதல் வாரம் ரோட்டில் இருந்தவர்கள் சக்கரத்துக்குப் பின்னால் ஏதோ வண்டி கவிழ்ந்திருக்கும் என்று தேடினார்கள். இரண்டாம் வாரம் ஒதுங்கி நின்றார்கள். மூன்றாம் வாரம் ஏன் இன்னும் காணோம் என்று கேட்டார்கள். சித்திரை வெயிலில் தார் இளகியபோது பிரிவு டீக்கடைக்காரர் அது கடக்கும் நேரம் பார்த்து ஒரு மக்குத் தண்ணீரை டயர்மேல் ஊற்றினார். காட்டில் களை வெட்டும் பெண்கள் சக்கரம் போனதும் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்தார்கள். வாய்க்கால் பாலம் குறுகல் என்பதால் யாருக்கு முதலில் வழி என்று சச்சரவு வந்து, தலைச்சுமையோடு வருகிறவர்களுக்குச் சக்கரம் நிற்க வேண்டும் என்று பஞ்சாயத்தில் முடிவானது, சக்கரமும் அதற்குக் கட்டுப்பட்டது. யாரோ ஒருத்தி அதன் நடுவில் மஞ்சள் வைத்தாள், யாரோ காற்றுக் குறைந்திருக்கிறது என்று பிடித்து நிறுத்திக் காற்றடித்து அனுப்பினார்கள். எதனால் போகிறது என்று ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எங்கே போகிறது என்று தெரிந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. எதிரில் வந்தவர்களெல்லாம் "சக்கரம் முன்னால போவுதுங்" என்று அவருக்குச் சொன்னார்கள். சக்கரத்தின் சௌக்கியத்தை எல்லோரும் விசாரித்தார்கள், நாச்சிமுத்துவின் சௌக்கியத்தை யாரும் விசாரிக்கவில்லை, அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர் பின்னால் வருகிறவர்தானே.

ஆனால் நாச்சிமுத்துவுக்கு வாரத்தில் ஒரு நாள் முளைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சட்டையை இஸ்திரி போட்டார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு வாரம் நேந்திரம்பழம், ஒரு வாரம் பொரிகடலை வாங்கினார். சக்கரம் புறப்பட நேரமாகிவிடப் போகிறதே என்று நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்தி வைக்கவும் ஆரம்பித்தார், இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளில் கேட்ட பேச்சுகளை மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டே கழிந்தன. சில நாள் கொட்டகையில் உட்கார்ந்து, யூசுப் பாயிடம் கொடுத்த தன் பழைய சக்கரங்களில் ஒன்றாவது சந்துக்குள் உருண்டு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். ஒன்றும் வரவில்லை. அவற்றை வைத்து டயர் வண்டி செய்து மாடு பூட்டி ஓட்டுகிறார்கள் என்று பாய் சொன்னார், எந்த ஊரில் என்று அவருக்கும் தெரியவில்லை.

பத்தாவது புதன்கிழமை வெயில் தாங்காமல் நாச்சிமுத்து அந்த வீட்டு வாசலில் சைக்கிளோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். பாவாத்தாள் பதறிப்போய் நீர்மோரைக் கொடுத்துவிட்டு எதிரில் நின்று யோசித்தாள். பரம்பரையாக மாடு வாங்கி விற்கும் வீட்டில் பிறந்தவள் அவள்.

"ஏனுங்ணா, இந்தச் சக்கரத்தோட நட்டு யார்கிட்ட இருக்குது?"

"என்கிட்டத்தானுங். சக்கரத்தோடவே குடுத்துட்டாங்."

பாவாத்தாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட ஆண்டவனே! கயித்தோட குடுத்துட்டாங்களா! மாட்ட வித்தா கயித்தக் குடுப்பமாங்ணா? தலைக்கயித்த அவுத்து நாம வெச்சுக்குவோம், வாங்கறவங்க புதுக்கயிறு கொண்டாந்து கட்டோணும். அப்பத்தான் அது அவங்க மாடு. கயித்தோட போன மாடு இந்தத் தொழுவத்தையேதான் நெனச்சுட்டு நிக்கும். இத்தன நாளும் வேகாத வெயில்ல உங்கள அலைய உட்டுட்டனே. அந்த நட்டை எங்கிட்டக் குடுத்துட்டு, கடையில புதுசு வாங்கி மாட்டிக்குங்ணா. சீரழிவு இன்னையோட தீந்துரும்."

நட்டுகள் நாலும் அவர் சட்டைப்பையில் இருந்தன. வீட்டில் வைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாத மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை, அதோடு அவள் சந்தோஷமாகக் கையை வேறு நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் துணியில் முடிந்து, விற்றுப்போன மாடுகளின் கயிறெல்லாம் தொங்கும் தொழுவத்து ஆணியில் மாட்டினாள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. இனி அண்ணனுக்கு அலைச்சல் இல்லை என்று இரண்டு மூன்று பேர் அவரிடமே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து புது நட்டு மாட்டிய பிறகு நாச்சிமுத்து பிஸ்கட் டின்னைத் திறந்தார். பதினாறு நட்டும் இருந்தன, தெய்வாத்தாளைத் தூக்குவதற்கு முன்னால் கழற்றி அவர் கையில் கொடுத்த மூக்குத்தியும் அவற்றுக்கு நடுவில் இருந்தது. கயிறுகளையெல்லாம் தானே வைத்துக்கொண்டு, போனதெல்லாம் திரும்பி வருமென்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவருக்கு விளங்கியது. டின்னை மூடிவிட்டு நெடுநேரம் அழுதார்.

அடுத்த புதன்கிழமை பதினொன்றாவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சக்கரம் அசையவில்லை. பதினொன்றானது, பதினொன்றரை ஆனது, அது இனிமேல் தன் வீடு இதுதான் என்பதுபோல் சாதுவாக நின்றது. இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காரை எடுத்துக்கொண்டு நேராகப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போகலாம்தான், எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் காரணம் இல்லாமல் இன்னொருவர் வீட்டுப் பந்தியில் போய் உட்கார அவருக்குத் தெரியாது, நாற்பது ஊரிலும் மீட்டர் என்ற காரணத்தோடுதான் அவர் நின்றிருக்கிறார்.

பன்னிரண்டு மணிக்கு எழுந்து ஜாக்கி வைத்தார். வீல் ஸ்பேனரை எடுத்துப் புது நட்டுகள் நாலையும் கழற்றினார். சக்கரத்தைச் சந்துக்குக் கொண்டுவந்து, இடப்பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

சக்கரத்துக்கு அதில் இஷ்டமே இல்லை. கை தளர்ந்த இடத்திலெல்லாம் திரும்பிக்கொண்டு வீட்டைப் பார்க்க உருண்டது, இறக்கத்தில்கூட எதிர்ப்பக்கம் இழுத்தது, ரவுண்டானாவில் மூன்று தரம் சுற்றி வந்து அவர் வீட்டுச் சந்துப் பக்கமே பார்த்து நின்றது. வா வீட்டுக்குப் போகலாம் என்று அவரை இவ்வளவு பிடிவாதமாக ஒருவரும் இழுத்து ஆறு வருஷமாகிறது. "சித்த பொறு சாமி, போயிட்டு வந்தர்லாம்" என்று அதனிடம் சொல்லிச் சொல்லித் தள்ளினார்.

காவலர் பார்த்தார். குனிந்து, கறுத்த கைகளோடு, சட்டை நனைந்து ஒருவர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வருவது யாருக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் காவலர் பஸ்ஸை நிறுத்தி வழி விட்டு, எப்போதும்போல் "சக்கரம் முன்னால போவுதுங்" என்றார். டீக்கடைக்காரர் ஒரு மக்குத் தண்ணீரை டயர்மேல் ஊற்றினார், பிறகு இன்னொரு மக்கை அவர் தலையில் ஊற்றினார். வாய்க்கால் பாலத்தில் சுள்ளிக்கட்டோடு வந்த பெண், சட்டப்படி தனக்குத்தான் வழி என்றாலும், ஓரமாக நின்று "இன்னைக்கு லேட்டுங்களாட்டிருக்குது, போவட்டும் போவட்டும்" என்றாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தானாகப் போன சக்கரத்தை எப்படி ஏற்றுக்கொண்டார்களோ அப்படியே இதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

செம்மங்காட்டுத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. பந்தி முடிந்திருந்தது. பாவாத்தாள் தொழுவத்து வாசலில் நின்று, அவர் சக்கரத்தை வேப்பமரத்தடியில் சாய்த்து வைப்பதையும், அது உருண்டுவிடாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுப்பதையும் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள்.

"மறுபடி வந்துருச்சுங் அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. வாழ்க்கையில் அவர் மாற்றிச் சொன்ன ஒரே கணக்கு அது.

பாவாத்தாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். கண்ணைத் துடைத்தாளா, தவிட்டுத் தூசியைத் துடைத்தாளா என்று தெரியவில்லை. உள்ளே திரும்பி, "சக்கரம் வந்துருச்சு, அண்ணனுக்கு இலை போடுங்க" என்று வீடே கேட்கக் குரல் கொடுத்தாள். பிறகு ஆணியிலிருந்த துணியை எடுத்து அவிழ்த்து, இரண்டு நட்டை அவர் சட்டைப்பையில் போட்டு, இரண்டை மறுபடி முடிந்து மாட்டினாள்.

"நாங்க பங்கு வாரத்துக்கு மாடு உடறதில்லீங்களா, எங்க மாடு இன்னொருத்தர் ஊட்ல வளரும், ரெண்டு ஊட்டுக்கும் பொது? அப்பிடி இருந்துட்டுப் போவட்டும். புதன்கிழம அது வந்தாலும் வரும், வராமயும் இருக்கும், மாடு கண்ணு மாதிரித்தான். நீங்க அதைய எதிர்பாத்துட்டு நிக்காதீங்ணா. நேரத்துக்கு வந்துருங்."

நாச்சிமுத்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். பந்தியில் அவர் ஒருத்தர்தான், ஆனால் சாப்பிட்டு முடித்தவர்களில் ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சோறு ஆறியிருந்தது, ரசம் சூடாக இருந்தது. இலையில் இருந்ததை முடித்துவிட்டு, மடிக்கப் போன கையை நிறுத்தி, தலையை நிமிர்த்தினார்.

"அம்மிணி, இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்" என்றார்.